புயலின் எந்தப் பக்கம்?

2018 நவம்பர் 11-ஆம் தேதி, வங்கக் கடலின் நடுவே உருவாகியிருந்த புயலுக்கு ‘கஜா’ என்று பெயர் வைத்தார்கள். கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் கணிப்பு. அதன்படி கவலைப்பட வேண்டியவை சென்னையும் பழவேற்காடும். பிறகு புயல் தென்மேற்கே திரும்பியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று கணிப்பு மாறியது. கடைசியில் 16-ஆம் தேதி பின்னிரவு 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியது. வீச்சில் அந்த வேகம் 140-ஐத் தொட்டது.

பெயர் வைத்த நாளிலிருந்து கரையேறிய இரவு வரை ஐந்து நாள். இந்த ஐந்து நாளும் சோழமண்டலக் கரையில் படகு வைத்திருந்த ஒவ்வொருவரும் ஒரு முடிவை எடுத்து, மாற்றி, மறுபடி எடுத்திருப்பார்கள். வீட்டை நகர்த்த முடியாது. பூட்டிவிட்டு முகாமுக்குப் போகலாம். தென்னந்தோப்பை நகர்த்த முடியாது. விதி விட்ட வழி என்று விட்டுவிடலாம். படகை நகர்த்த முடியும். எங்கே நகர்த்துவது, எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது, எத்தனை கயிறு போடுவது என்ற கேள்விகள் அதனால்தான் வருகின்றன. தவறான இடத்தில் கட்டிய படகுக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு என்றாகிவிடுகிறது. பல லட்சம் கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகு, பெரும்பாலும் காப்பீடு இல்லாதது, ஒரே இரவில் பலகையாகப் போகலாம் என்ற நிலையில் அந்தப் பொறுப்பின் எடையை வெளியிலிருந்து அளக்க முடியாது.

தொலைக்காட்சியில் எப்போதும் முதலில் சொல்லப்படுவது காற்றின் வேகம். அது முக்கியம்தான். ஆனால் படகைப் பொறுத்தவரை அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: புயல் கடக்கும்போது நம் துறை அதன் எந்தப் பக்கம் இருக்கும்?

வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. நடுவில் காற்றழுத்தம் குறைந்திருப்பதால் சுற்றியுள்ள காற்று உள்ளே பாய முயல்கிறது. பூமி சுழல்வதால் அந்தப் பாய்ச்சல் வலப்புறமாக விலகி, நேரே மையத்துக்குப் போகாமல் அதைச் சுற்றி வருகிறது. இதன் விளைவைக் கரையில் நின்று பார்ப்போம். கிழக்கிலிருந்து புயல் வருகிறது. மையம் இன்னும் கடலில் இருக்கும்போது, அதற்கு நேர் மேற்கே இருக்கும் எல்லாருக்கும் வடக்கிலிருந்து வாடை அடிக்கும். மையம் கரையை நெருங்க நெருங்க இரண்டு பக்கத்து அனுபவமும் பிரிகிறது. வடக்கே இருப்பவருக்கு வாடை திரும்பிக் கொண்டலாகிறது, அதாவது கீழ்க்காற்று. பின்பு தென்கிழக்குக்கு மாறி ஓய்கிறது. தெற்கே இருப்பவருக்கு அதே வாடை எதிர்ப்பக்கம் திரும்பிக் கச்சானாக மேற்கிலிருந்து அடித்து, பின்பு சோழகமாகத் தெற்கிலிருந்து வந்து முடிகிறது.

நாகப்பட்டினம் போலக் கிழக்கு நோக்கிய கரையில் இந்த வித்தியாசம் பெரியது. கொண்டல் கடலைக் கரைமேல் ஏற்றும். கச்சான் கடலைக் கரையிலிருந்து விலக்கும். போதாததற்கு, புயல் தானே மேற்கு நோக்கி நகர்கிறது. வடபக்கம் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன, தென்பக்கம் ஒன்றையொன்று கழிக்கின்றன. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயலில் இந்தக் கூட்டல் கழித்தலே படகின் தலையெழுத்தை மாற்றப் போதும். அதனால் மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கத்தை, அதாவது வடபக்கத்தை, மாலுமிகள் அபாயப் பக்கம் என்பார்கள்.

கோடியக்கரையைத் தாண்டினால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே கரை மடங்குகிறது. நாகையில் கிழக்கே பார்த்திருந்த கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் பாக் விரிகுடாவைத் தெற்கும் தென்கிழக்குமாகப் பார்க்கிறது. அந்த ஊர்களுக்கு வாடை என்பது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. புயலின் முதல் பாதியில் எவ்வளவு கடுமையாக வாடை வீசினாலும் துறையில் தண்ணீர் ஏறாது, வற்றக்கூடச் செய்யலாம். ஆபத்து இரண்டாம் பாதியில் இருக்கிறது. மையம் கடந்தபின், காற்று தெற்குப் பக்கமாகத் திரும்பும்போது, விரிகுடா முழுவதும் இந்தக் கரையை நோக்கிச் சாய்கிறது.

இதில் கணிப்பின் பிழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 முதல் 2020 வரையிலான புயல்களில், 24 மணி நேரத்துக்கு முன் சொன்ன பாதைக்கும் உண்மையான பாதைக்கும் இடையே இருந்த சராசரி விலகல் 77 கிலோமீட்டர். 48 மணி நேரத்துக்கு முன் என்றால் 117. ஒரு பெருங்கடலில் சுழலும் காற்றை ஒரு நாள் முன்னதாக இவ்வளவு நெருக்கமாகச் சொல்வது இந்திய வானிலையாளர்களின் பெரிய சாதனை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து அதிராம்பட்டினத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். முந்தின நாள் கிடைக்கும் மிகச் சிறந்த கணிப்பை வைத்துக்கொண்டும், நாகையில் இருப்பவர் புயலின் வடபக்கம் இருப்பாரா தென்பக்கம் இருப்பாரா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. படகை இரண்டு பக்கக் காற்றுக்கும் தயார் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இந்தப் பக்கக் கணக்கைத்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எண் கூடினால் புயலின் வேகம் கூடுகிறது என்று மட்டும் நினைக்கிறோம். ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் நடப்பதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல் உண்டு என்பவை. ஐந்தாம் எண்ணிலிருந்து திசை வந்துவிடுகிறது. ஐந்து என்றால், புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். ஆறு என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை இதே வரிசையில் கடும் புயலுக்கானவை. பதினொன்று, வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு. இதில் இடம், வலம் என்பவை புயல் நகரும் திசையை வைத்துச் சொல்லப்படுபவை. துறைமுகத்தில் கடலைப் பார்த்து நிற்பவரின் கையை வைத்து அல்ல. சென்னையிலோ நாகையிலோ எட்டாம் எண் ஏறினால் கடும் புயல் துறைமுகத்துக்கு வடக்கே கடக்கப் போகிறது என்று பொருள்; ஒன்பது ஏறினால் தெற்கே. வலுவில் இரண்டும் ஒரே தரம், ஆனால் ஒன்பதாம் எண்ணின் கீழ் நிற்கும் விசைப்படகுதான் கொண்டலையும் ஏறும் கடலையும் சந்திக்க வேண்டியிருக்கும்.

கல்கத்தா துறைமுகத்துக்கு 1865-இல் தொடங்கிய புயல் எச்சரிக்கை ஏற்பாடு பிற துறைமுகங்களுக்கும் பரவி, இப்படிக் கூண்டும் இரவு விளக்குமாக நிலைபெற்றது. கைப்பேசியில் செயற்கைக்கோள் படம் வரும் இக்காலத்தில் கூண்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படம் புயல் எங்கே இருக்கிறது என்று காட்டும். கூண்டு, இந்தத் துறைமுகத்துக்கு அதனால் என்ன என்று ஒற்றை எண்ணில் சொல்கிறது. செய்தி வாசிப்பவர்கள் “ஒன்பதாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது” என்பதோடு நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தில் அதன் பொருளையும் சொன்னால் எத்தனையோ பேருக்கு உதவும்.

கூண்டுக்கும் கணிப்புக்கும் முன்பே கடல் பேசத் தொடங்கிவிடும். தொலைவில் புயல் எழுப்பும் அலைகளில் நீளமானவை வேகமாக ஓடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 12 நொடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. புயலின் நகர்வு பெரும்பாலும் அதில் பாதி. 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புயலின் அலை ஏறக்குறைய 20 மணி நேரத்தில் வந்துவிடும்; புயல் வர இன்னும் ஒரு நாளாகும். காற்றே இல்லாத வெயில் நாளில், கரையில் நிதானமாக, கனமாக, வழக்கத்தைவிட நீண்ட இடைவெளியில் அலை உடைந்தால் மூத்த கடலோடிகள் முகம் சுருங்குவது இதனால்தான். பாக் விரிகுடா மீனவர்களுக்கு இந்த முன்னறிவிப்பு கிட்டாது. யாழ்ப்பாணத் தீபகற்பமும் இலங்கையின் நிலமும் வங்கக் கடலின் பெரிய அலைகளைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. காற்று வந்து சேரும்வரை அங்கே கடல் அமைதியாகக் கிடக்கும். பாதுகாப்பான விரிகுடா என்ற பெயருக்கு அவர்கள் கொடுக்கும் விலை இது.

காற்று தொடங்கிவிட்டால் ஒரு பழைய விதி துணைக்கு வரும். டச்சு நாட்டு வானிலையாளர் பய்ஸ் பாலட் 1857-இல் வெளியிட்டது. நம் அரைக்கோளத்தில் காற்றை முகத்தில் வாங்கி நின்றால், புயலின் மையம் வலக்கைப் பக்கம், சற்றே பின்னால் இருக்கும். அடுத்த சில மணி நேரம் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தால் மீதி விடை கிடைக்கும். வாடையிலிருந்து கொண்டலுக்குத் திரும்பினால் நாம் வலப்பக்கம். வாடையிலிருந்து கச்சானுக்குத் திரும்பினால் இடப்பக்கம். திசை மாறாமல் வலு மட்டும் கூடிக்கொண்டே போய், காற்றழுத்தமும் இறங்கிக்கொண்டே இருந்தால் மையம் நேரே நம்மை நோக்கி வருகிறது. அழுத்தம் காட்டும் கருவி இப்போது பல கைப்பேசிகளிலேயே இருக்கிறது.

இனி வேகத்துக்கு வருவோம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் காற்று ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வேகம் இருமடங்காகி 120 ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகி 70 கிலோவை நெருங்குகிறது. ஒரு விசைப்படகின் பக்கவாட்டில், நீருக்கு மேலுள்ள உடலும் அறையும் சேர்ந்து 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் வாங்கினால் கயிறுகள் தாங்க வேண்டியது இரண்டு டன். அதே படகு முகப்பைக் காற்றுக்குக் காட்டி நின்றால் எதிர்ப்படும் பரப்பு மூன்றில் ஒரு பங்காகி, விசை 700 கிலோவுக்குள் அடங்கிவிடும். வீச்சு 140-க்கு ஏறும் நொடிகளில் இவை இரண்டும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே படகைக் காற்றுக்கு முகம் காட்டிக் கட்டு என்பது முதல் விதி. காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிந்தால்தானே அப்படிக் கட்ட முடியும்? பக்கக் கேள்விக்கே மறுபடி வந்துவிட்டோம். வாடைக்கு முகம் காட்டி இரு புறமும் இறுகக் கட்டிய படகு, காற்று திரும்பிய அரை மணி நேரத்தில் முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு நிற்கும்.

கயிற்றின் நீளத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நங்கூரம் தன் எடையால் மட்டும் பிடிப்பதில்லை; தரையோடு படுத்து, மண்ணைக் கொத்திப் பிடிக்கிறது. இழுப்பு கிடைமட்டமாக இருக்கும்வரைதான் அந்தப் பிடி. கயிறு செங்குத்தாக நிமிர நிமிர நங்கூரத்தின் நகம் மண்ணிலிருந்து பெயரும். அதனால் ஆழத்தைப் போல ஏழு மடங்காவது கயிறு விட வேண்டும், புயலுக்குப் பத்து மடங்கு என்றாலும் தகும் என்பார்கள். ஆழம் என்பதைப் படகின் முகப்பிலிருந்து கணக்கிட வேண்டும். தண்ணீர் 3 மீட்டர், முகப்பு நீருக்கு மேல் ஒன்றரை மீட்டர் என்றால் நாலரை மீட்டர்; ஏழு மடங்குக்கு 31.5 மீட்டர் கயிறு. சரியாகத்தான் கட்டியிருக்கிறோம் என்று வீட்டுக்குப் போகிறார் படகின் சொந்தக்காரரான சம்மாட்டி. இரவில் கடல் 2 மீட்டர் ஏறுகிறது. இப்போது ஆழம் ஆறரை மீட்டர். அதே கயிறு ஐந்து மடங்குகூட இல்லை. யாரும் எதையும் தொடாமலேயே கயிறு குட்டையாகிவிட்டது. துறைத் தளத்தில் நட்ட குற்றியில் இறுக்கிக் கட்டிய கயிறு என்றால் நிலைமை இன்னும் மோசம்: படகு உயரும், கயிறு விடாது, குற்றி பிடுங்கும் அல்லது படகின் விளிம்பு கிழியும்.

நைலான் கயிறு இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். அலையின் உதறலை அது உள்வாங்கிக்கொள்வதால் படகுக்கு நல்லது. ஆனால் அந்த நீட்டமும் சுருக்கமுமே, படகின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் அரமாக வேலை செய்கிறது. புயலில் பல கயிறுகள் இழுப்பால் அறுவதைவிட உரசலால் அறுகின்றன. உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயையோ தடித்த சாக்குத் துணியையோ சுற்றிக் கட்டுவது சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம். ஒரு படகைக் காப்பாற்றும் காரியங்களிலேயே இதைப்போல மலிவானது வேறில்லை.

இரவில் கடல் ஏறிய அந்த 2 மீட்டர் எங்கிருந்து வந்தது? மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் கொஞ்சம் உப்பும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஒரு சென்டிமீட்டர். 30 மில்லிபார் குறைந்தாலும் ஒரு முழம்கூட வராது. மீதி எல்லாம் காற்றின் வேலை. ஆழ்கடலில் காற்று மேல்நீரைத் தள்ளினால் அடியில் நீர் திரும்பி ஓடிச் சமன் செய்துவிடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லாமல் நீர் கரைமேல் குவியும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வங்கக் கடலின் பெரிய அலையிலிருந்து அதைக் காக்கும் அதே ஆழமின்மையும் அதே குறுகலும், புயல் நேரே வரும்போது அதைப் பொறியாக்குகின்றன. 1955-இல் அதிராம்பட்டினத்துக்கு அருகே ராஜாமடத்தில் கரையேறிய புயலின்போது கடல் பல கிலோமீட்டர் ஊருக்குள் வந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நாம் அனைவரும் அறிவோம்.

ராமேசுவரம் தீவுக்காரர்களுக்கு வாய்த்திருக்கும் நிலையை நினைத்தால் வியப்பாக இருக்கும். ஒரே ஊரில் அவர்களுக்கு இரண்டு கடல்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் தென்கடல் அமைதியாக இருக்கும், கச்சான் காலத்தில் வடகடல். பருவத்துக்குப் பருவம் படகுகளை இடம் மாற்றி வாழப் பழகியவர்கள். ஆனால் இந்தப் பழக்கம் புயலுக்குப் பாதிதான் கைகொடுக்கும். புயலின் முதல் பாதியில் வாடை வடகடலைக் கலக்கும். தென்கடலில் தீவின் மறைவில் நிற்கும் படகு தப்பும். மையம் கடந்ததும் காற்று தெற்கே திரும்பி, மறைவாக இருந்த பக்கமே அடிவாங்கும் பக்கமாகிவிடும். அந்த நடு இரவில் பாம்பன் பாலத்தின் கீழ் வாய்க்காலைக் கடந்து மறுபக்கம் போக யாராலும் முடியாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தபோது பாம்பன் முழுவதும் காத்திருந்தது. அது வலுவிழந்து ராமநாதபுரம் கரைக்கு அருகே அசையாமல் நின்று அப்படியே கரைந்தது. வராத புயலுக்காகக் கட்டிய கயிறு வீணில்லை. ஆனால் தொழில் இழந்த நாள்களுக்கு யார் கணக்கு எழுதுவது என்று ஒரு சம்மாட்டி கேட்டால் அது நியாயமான கேள்வி. அடுத்த எச்சரிக்கையை அவர் நம்ப வேண்டும் என்றால், வராத புயலுக்கும் நிவாரணம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மீன்பிடித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து விட்டால் போதும் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் மீன்பிடித் துறைமுகங்கள் பெரும்பாலும் மீன் இறக்கவும் ஏலம் விடவும் கட்டப்பட்டவை. புயலுக்கு ஒரே நேரத்தில் எல்லாப் படகும் உள்ளே வந்து நிற்கும் என்று இடம் ஒதுக்கியவை அல்ல. தோளோடு தோளாக நாலைந்து வரிசை நிற்கும். அலை உள்ளே புகும்போது ஒவ்வொரு படகும் தன் நீளத்துக்கும் எடைக்கும் ஏற்பத் தனித்தனித் தாளத்தில் ஆடும். ஒன்று இடப்புறம் சாயும்போது அடுத்தது வலப்புறம் சாய்ந்து மோதும். இடையில் தொங்கவிட்ட லாரி டயர்கள் சாதாரண நாளுக்குப் போதும். படகுகள் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் இரவில் அவை நழுவி மேலே வந்துவிடும். இடைவெளி விட்டு நிறுத்துங்கள் என்று மீன்வளத் துறை ஒவ்வொரு புயலுக்கும் சொல்கிறது. சொல்வது சரி. இடம் எங்கே என்பதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆற்று முகத்துவாரம் வேறுவகை. நாகை துறைமுகம் கடுவையாற்றில் இருக்கிறது, கடலூரில் உப்பனாறு. அலை நேரடியாக வராது என்பது பெரிய வசதி. ஆனால் புயல் மழையையும் கொண்டுவருகிறது. கடல் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கும். வெள்ளத்தோடு வெங்காயத் தாமரைப் பாய்களும் முறிந்த மரங்களும் வந்து முன்கயிற்றில் சிக்கும். கயிறு தாங்க வேண்டிய சுமை காற்றின் கணக்கைத் தாண்டிப் போய்விடும். நீர், காற்றைப் போல எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது அல்லவா? காற்று ஓய்ந்து இரண்டு நாள் கழித்துக்கூட இந்த ஆபத்து வரலாம். உலகெங்கும் படகோட்டிகள் புயலுக்கு நாடுவது அலையாத்திக் காட்டு ஓடைகளை. இருபுறமும் வேரூன்றிய மரங்கள் அலையை அடக்கும், கயிறு கட்டவும் நிற்கும், தளர்ந்து மோதினாலும் கல்லைப்போல உடைக்காது. அந்தக் காடுகளைக் காப்பதற்கு மீனவர்களின் நலனே போதுமான காரணம்.

கட்டுமரத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருந்ததில்லை. புயல் வருமென்றால் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தோளில் தூக்கி மேட்டில் போட்டுவிடலாம். மணற்கரைக்கென்றே பிறந்த கலம் அது, துறைமுகமே வேண்டாதது. சுனாமிக்குப் பின் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகை டிராக்டரோ கிரேனோ வைத்து மேலே இழுக்கலாம். எஞ்சினையும் வலையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெறும் ஓடாக நிற்கும் ஃபைபர் படகு இலகுவானது என்பதால் காற்றே அதைப் புரட்டிவிடும். ஆகவே கவிழ்த்துப்போடுவதோ, உள்ளே மணல் மூட்டை அடுக்குவதோ வேண்டும். தென்னையில் கட்டலாமே என்றால், கஜா லட்சக்கணக்கான தென்னைகளை வேரோடு சாய்த்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். விசைப்படகுக்குத்தான் எந்தப் போக்கும் இல்லை. தூக்க முடியாத எடை, கரையேற்ற முடியாத அடிப்பாகம். தண்ணீரிலேயே நின்று வாங்கியாக வேண்டும்.

அதனால்தான் சிலர் படகிலேயே தங்கிவிடத் துணிகிறார்கள். கயிறு தளர்ந்தால் இறுக்கலாம், எஞ்சினை ஓட்டிக் காற்றுக்கு எதிராக முகம் பிடித்து நங்கூரத்தின் சுமையைக் குறைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 60, 70 கிலோமீட்டர் காற்றில் இந்தக் கணக்கு பலிக்கும். 120-இல் படகின் மேல்தளத்தில் நிற்கவே முடியாது. மழைநீரும் கடல்நீரும் ஊசியாய்க் குத்தும்போது கண் திறக்காது, பக்கத்துப் படகு அறுந்து வருவது தெரியாது. மையம் நேரே மேலே வந்தால் இன்னொரு வஞ்சம் காத்திருக்கிறது. காற்று சட்டென்று நிற்கும். நட்சத்திரம்கூடத் தெரியலாம். கட்டுகளைச் சரிபார்க்க இதுவே நேரம் என்று வீட்டிலிருந்து துறைக்கு ஓடத் தோன்றும். புயலின் கண் கடக்கச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். பின்பு எதிர்த் திசையிலிருந்து, முன்னறிவிப்பில்லாமல், முழு வேகத்தில் காற்று திரும்பும். மாற்றிக் கட்ட வேண்டியவற்றையெல்லாம் முந்தின நாள் மாலையே கட்டியிருக்க வேண்டும்: வாடைக்கு ஒரு நங்கூரம் என்றால், காற்று திரும்பப்போகும் பக்கத்துக்கு இன்னொன்று.

கஜா கடந்த இரவில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்தில் கட்டியிருந்த விசைப்படகுகளில் மிகப் பல நொறுங்கின. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தவை, தளத்தின்மேல் ஏறி நின்றவை, அடி தெரியக் கவிழ்ந்தவை. வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்தில் கடல் தன் அடிச்சேற்றை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. தமிழ்நாட்டில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னதாக ஏறத்தாழ 80,000 பேர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிராவிட்டால் அந்த எண் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உடையாமல் தப்பிய படகுக்கும் வேலை உடனே தொடங்குவதில்லை. எஞ்சினுக்குள் உப்புநீர் போயிருந்தால் முதல் சில நாளுக்குள் நன்னீரில் கழுவி, எண்ணெய் மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட்டால் துரு அதைத் தின்றுவிடும். அடிப்பலகையின் பொருத்துகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துத்தான் பார்க்க முடியும். முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறியிருக்கும். போன வாரம் படகு போன தடத்தில் இப்போது இடுப்பளவுகூட நீர் இருக்காது. ஆகவே முதல் படகு பகலில், நீர் ஏறும் நேரத்தில், ஆழம் பார்க்க முன்னால் ஒரு ஃபைபர் படகை விட்டு, அதன் பின்னால்தான் வெளியே போகும்.